பள்ளி ஆண்டாய்வும் பெற்றோர் கருத்தும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. கல்வித் துறை அலுவலர் ஆண்டுதோறும் பள்ளிக்கு வந்து செய்யும் ஆண்டாய்வு முடிந்த பள்ளிகளில் என்ன எழுதப்பட்டது, அதை நாம் பார்க்க முடியுமா, பெற்றோர் சொல்வதை யாராவது குறித்துக்கொள்கிறார்களா என்றே பலரும் கேட்டிருக்கிறார்கள். தம் பிள்ளை படிக்கும் பள்ளியைப் பற்றி எழுதியிருப்பதால் எவர் பெயரையும் வெளியிடவில்லை. ஊர் மட்டும் போதும். பதில் எழுதுகிற நான் கடலூர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் பணியாற்றிவிட்டு, ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகள் ஆய்வு செய்யும் பொறுப்பிலும் இருந்தவன். ஆகவே ஆய்வுக்குப் பயந்ததும் உண்டு, ஆய்வு செய்து பிறரைப் பயமுறுத்தியதும் உண்டு.

கேள்வி: என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். வட்டாரக் கல்வி அலுவலர் வந்து ஆய்வு செய்ததாகவும் பள்ளிக்கு நல்ல பெயர் கிடைத்ததாகவும் பெற்றோர் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். ஆனால் வீட்டில் என் மகளுக்கு நான்கு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க வரவில்லை. நான் யாரை நம்புவது?
– ஒரு தாய், குறிஞ்சிப்பாடி

பதில்: இரண்டையும் நம்பலாம், அம்மா. தலைமை ஆசிரியர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு வாசிக்க வராததும் உண்மையாகவே இருக்கலாம். ஆண்டாய்வில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது உங்களுக்குப் புரியும்.

ஆய்வு நாளில் அலுவலர் முதலில் கேட்பது பதிவேடுகளை. வருகைப் பதிவேடு, சேர்க்கை நீக்கல் பதிவேடு, ஆசிரியரின் பாடக் குறிப்பேடு, தளவாடப் பதிவேடு, சத்துணவுக் கணக்கு என்று மேசை நிறைந்துவிடும். இப்போது இவற்றோடு எமிஸ் என்னும் கல்வித் துறைத் தகவல் இணையத்தில் ஏற்றப்பட்ட விவரமும் கைப்பேசிச் செயலியில் நிரப்ப வேண்டிய படிவமும் சேர்ந்திருக்கின்றன. அதன்பின் கழிவறை, குடிநீர், சமையற்கூடம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு வகுப்பறைக்கு வருவதற்குள் முற்பகல் கழிந்திருக்கும். ஒரு வகுப்பில் நான்கைந்து பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொல்வதற்குத்தான் நேரம் கிடைக்கும். அந்த நான்கைந்து பேரில் உங்கள் மகள் இல்லாதிருந்தால், 'மாணவர் வாசிப்புத் திறன் நன்று' என்ற வரியில் அவளும் அடங்கிவிடுகிறாள். பள்ளிக்குக் கிடைத்த நல்ல பெயர் பள்ளியின் நிர்வாகத்துக்குக் கிடைத்தது. உங்கள் மகளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

உங்கள் மகளின் நிலையை அறிய நீங்களே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். முன்பொருமுறை ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புக் கட்டுரை நோட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அட்டை போட்டு, பெயர்ச் சீட்டு ஒட்டி, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரிக்குறியும் தேதியும் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு 'நோட்டுத் திருத்தம் நன்று' என்று எழுதியிருக்கலாம். மூன்றாம் பக்கத்தில் 'வாழைப்பளம்' என்று இருந்தது, மேலே சரிக்குறி. நாற்பதாம் பக்கத்திலும் 'பளம்', அங்கும் சரிக்குறி. அந்தச் சிறுமியை அழைத்து, இது சரியா என்று கேட்டேன். "டிக் போட்டிருக்காங்களே சார்" என்றாள். அவளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே வேண்டாத கேள்வி. அன்றுமுதல் நோட்டில் எத்தனை சரிக்குறி இருக்கிறது என்று நான் எண்ணியதில்லை. ஆனியில் செய்த பிழை தையிலும் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். நீங்களும் அதையே பாருங்கள். பிழை மாறியிருந்தால், அதாவது பழைய பிழை போய்ப் புதிய பிழை வந்திருந்தால், பிள்ளை வளர்கிறாள் என்று பொருள். அதே பிழை அதே இடத்தில் நின்றால், நோட்டுத் திருத்தம் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை.

வாசிப்பைச் சோதிக்கப் பாடப் புத்தகம் வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டே பல பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பார்கள். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தந்த நாளிதழ்த் துண்டு, பேருந்தின் ஊர்ப் பலகை, திருமணப் பத்திரிகை போன்றவற்றை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு வகுப்பாசிரியரிடம் போய், மகள் அரும்பா, மொட்டா, மலரா என்று கேளுங்கள். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப இந்த மூன்று பெயர்களில் பிரித்தே கற்பித்தார்கள். ஆகவே பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்பது ஆசிரியருக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை. 'நல்லாத்தான் படிக்கிறா' என்ற பொதுவான பதிலோடு திரும்பி வராதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைக் கூட்டித் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்றே சொல்கிறது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

கேள்வி: என் பேரன் படிக்கும் தனியார் நர்சரி, பிரைமரி பள்ளியில் ஆய்வறிக்கையைப் பார்க்க விரும்புகிறேன் என்று கேட்டதற்கு, அது அலுவலக இரகசியம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உண்மையிலேயே இரகசியமா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், செம்மண்டலம்

பதில்: இல்லை. நீங்கள் அரசு அலுவலகத்தில் இருந்தவர், இந்தப் பதிலை எத்தனை பேருக்கு நாமே சொல்லியிருப்போம் என்பது உங்களுக்குத் தெரியும்.

தனியார் பள்ளி உங்களுக்கு நேரடியாகத் தர மறுக்கலாம். ஆனால் ஆய்வறிக்கையின் நகல் கல்வித் துறை அலுவலகத்தில் இருக்கும். அந்த அலுவலகம் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. தனியார் பள்ளிகளுக்கென்று இப்போது மாவட்டத்தில் தனியாக ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். அவரது அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 6ஆம் பிரிவின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் எழுதுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் போதாவிட்டாலோ அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பிள்ளைகளின் தனிப்பட்ட விவரங்களை மறைத்துவிட்டுத் தருவார்கள், அது முறையானதே.

'ஏன்', 'எதற்காக' என்று கேள்வியாக எழுதினால் திருப்பி அனுப்ப அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். இன்ன பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டாய்வு அறிக்கைகளின் நகலும், அவற்றில் குறிப்பிடப்பட்ட குறைகளை நிவர்த்தி செய்ததாகப் பள்ளி அளித்த பதில் அறிக்கையின் நகலும் வேண்டும் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவதாகச் சொன்னதுதான் முக்கியம். குறை இல்லாத ஆய்வறிக்கையை நான் கண்டதில்லை, எழுதியதுமில்லை. போன ஆண்டு எழுதப்பட்ட குறை இந்த ஆண்டும் அதே சொற்களில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைக் கொண்டுதான் ஒரு பள்ளியை எடைபோட முடியும். 'மாடிப்படிக்குக் கைப்பிடி அமைக்க அறிவுறுத்தப்பட்டது' என்ற வரி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வந்தால், அறிவுறுத்தியவரும் கேட்டுக்கொண்டவரும் அதை ஒரு சடங்காக முடித்துக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

அறிக்கை கைக்கு வருவதற்கு முன்பே கேட்கக்கூடியவை நான்கு சான்றுகள்: கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று. அங்கீகாரத்தைப் புதுப்பிக்க இவை தேவை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக் கொட்டகையில் பற்றிய தீயில் 94 பிள்ளைகள் இறந்த பிறகே இந்தச் சான்றுகளை வெறும் தாளாகப் பார்க்காத நிலை வந்தது. அந்தக் கட்டடத்துக்கும் அதற்கு முன்பு அங்கீகாரம் கிடைத்துத்தானே இருந்தது. பேரனைப் பள்ளியில் விடப் போகும்போது அலுவலக அறைச் சுவரில் சான்றுகள் மாட்டப்பட்டிருந்தால், கண்ணாடிச் சட்டத்தின் அருகே நின்று காலாவதித் தேதியை வாசியுங்கள்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்துக்குப் போனால் தேநீர் தருகிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள். குறைகளையெல்லாம் பெற்றோர்கள் வாசலில் நின்றும் வாட்ஸ்ஆப் குழுவிலும் பேசுகிறார்கள், கூட்டத்தில் எவரும் வாய் திறப்பதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
– குழு உறுப்பினர், தேவனாம்பட்டினம்

பதில்: கையெழுத்துப் போடுவதற்கு முன் மேலே எழுதியிருப்பதை வாசியுங்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆய்வின்போது குழுவின் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டுவது என் வழக்கம். எழுதப் படிக்கத் தெரிந்த பன்னிரண்டு பேர் கையெழுத்திட்ட ஒரு பக்கத்தில் தீர்மானம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட இடம் அது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் குழுவின் தலைவரும் ஒரு பெற்றோரே. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது ஆகியவை சட்டம் குழுவுக்குக் கொடுத்த வேலைகள். ஆய்வு அலுவலர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து செய்வதை மாதந்தோறும் செய்யும் பொறுப்பு உங்களிடம் தரப்பட்டிருக்கிறது. தேநீரைக் குடித்துவிட்டே செய்யலாம்.

வாசலில் பேசியது காற்றோடு போய்விடும். வாட்ஸ்ஆப்பில் பேசியது மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். தீர்மானப் பதிவேட்டில் ஏறியது மட்டுமே அடுத்த ஆய்வில் மேசைக்கு வரும். அங்கே எழுதுவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். 'மாணவர்களுக்கு அடிப்படை வசதிகள் மேம்படுத்தப்பட வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினால், அதைப் படிக்கும் எந்த அலுவலருக்கும் எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'பெண் குழந்தைகள் கழிவறையின் இரண்டாவது கதவில் உள்தாழ்ப்பாள் இல்லை. இன்ன தேதியில் பார்த்தோம். அடுத்த கூட்டத்துக்குள் பொருத்துவதாகத் தலைமை ஆசிரியர் ஏற்றுக்கொண்டார்' என்று எழுதிப் பாருங்கள். தாழ்ப்பாள் வந்துவிடும். அந்தத் தாழ்ப்பாள் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் சிறுமிகளைப் பற்றித் தாய்மார்களுக்குத் தெரியும். ஆய்வுப் படிவத்தில் 'கழிவறை உண்டு' என்ற கட்டத்துக்கு அது தெரியாது.

உங்கள் ஊர் கடலோரம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கெடிலமும் பெண்ணையாறும் பெருகும்போது நம் பக்கத்தில் எத்தனை பள்ளி வளாகங்களில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தையும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்து வந்த வெள்ளத்தையும் ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் ஆய்வு தையிலோ மாசியிலோ நடந்தால் அலுவலர் நிற்பது காய்ந்த தரையில். தண்ணீர் எந்தச் சுவர் வரை ஏறியது, எத்தனை நாள் நின்றது, சமையற்கூடத்து அரிசி நனைந்ததா, மின் பலகை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் அந்த வாரமே படம் எடுத்து, தேதியோடு பதிவேட்டில் குறித்துவையுங்கள். ஆய்வு நாளில் அதைத் திறந்து அலுவலர் முன்னே வையுங்கள். இதைப் பெற்றோரைத் தவிர வேறு யாரும் அவரிடம் சொல்லப்போவதில்லை.

மற்றப் பெற்றோரிடம் கருத்துக் கேட்பதற்கு ஒரு வழி: 'பள்ளி எப்படி இருக்கிறது' என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே கேட்டால் நல்லா இருக்கிறது என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வேறு சொல்வார்கள். போன வாரம் எத்தனை நாள் வீட்டுப்பாடம் வந்தது, சத்துணவில் முட்டை கிடைத்ததா, பிள்ளை பள்ளியில் தண்ணீர் குடிக்கிறதா, காலையில் போகமாட்டேன் என்று அழுததா என்று கேளுங்கள். எழுதத் தெரியாத தாய்மாரிடம் வாயால் கேட்டு நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மீன் இறங்கும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, பெற்றோர் வரவில்லை என்று எழுதுவது நம் பள்ளிகளில் பழகிப்போன ஒன்று.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி, அங்கே எந்தப் பள்ளியின் ஆய்வு முடிவையும் இணையத்தில் பார்த்துவிட்டே பிள்ளையைச் சேர்ப்பதாகச் சொல்கிறான். நம் பள்ளிகளுக்கும் அப்படித் தரம் போட்டு வெளியிட்டால் என்ன?
– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: அறிக்கையை வெளியிடட்டும், முழு மனதோடு வரவேற்பேன். தரம் போடுவது வேண்டாம்.

அங்கே ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பு 1992இல் ஏற்படுத்தப்பட்டது. 'மிகச் சிறப்பு' என்பதிலிருந்து 'போதாது' என்பது வரை நான்கு தரங்களில் ஒன்றை மொத்தப் பள்ளிக்கும் சூட்டிவந்தார்கள். நல்ல தரம் பெற்ற பள்ளிக்குப் பக்கத்தில் வீட்டு விலை ஏறும் அளவுக்கு அந்த ஒரு சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளுக்கு அப்படி ஒற்றைச் சொல்லில் மொத்தத் தீர்ப்பு எழுதுவதை 2024 செப்டம்பரில் அவர்களே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கைவிட்டதை நாம் எடுத்துக்கொள்வானேன்? அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு உண்டு: ஆய்வின்போது அந்தப் பள்ளிப் பெற்றோர் ஒவ்வொருவரும் ஒரு கேள்விப் பட்டியலுக்கு இணையத்தில் விடையளிக்கலாம், ஆய்வாளர் அதைப் பார்ப்பார். 19ஆம் நூற்றாண்டில் பிள்ளைகள் ஆய்வாளர் முன் ஒப்பிப்பதைப் பொறுத்து மானியம் தரும் முறையை அங்கேயும் சென்னை மாகாணத்திலும் வைத்திருந்தார்கள். ஆய்வு நாளுக்காகவே பாடம் நடத்தும் பழக்கத்துக்கு நம்மிடம் அவ்வளவு வயது.

கேள்வி: நான் ஈராசிரியர் பள்ளியில் பணிபுரிகிறேன். ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கிறோம். நோட்டிலும் எழுத வேண்டும், செயலியிலும் ஏற்ற வேண்டும். ஆய்விலும் திட்டு, பெற்றோரிடமும் திட்டு. எங்கள் பக்கத்தை யார் கேட்பது?
– ஓர் ஆசிரியை, விருத்தாசலம் வட்டம்

பதில்: நான் கேட்கிறேன், சகோதரி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அதில் ஐந்து வகுப்பு என்ற கணக்கு வரவில்லை. ஒருவர் விடுப்பில் போனால் அல்லது பயிற்சிக்குப் போனால் அன்று முழுப் பள்ளியும் மற்றவர் தலையில்தான். இதைப் பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறீர்களா? பெரும்பாலான ஆசிரியர்கள் சொல்வதில்லை. பள்ளிக் கஷ்டத்தை வெளியில் சொல்வது கௌரவக் குறைவு என்று நினைக்கிறோம். எத்தனை நாள் ஒருவராக நின்று பள்ளியை நடத்தினீர்கள் என்பதை மேலாண்மைக் குழுவில் சொல்லி, அதையே தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். ஆசிரியர் கேட்டால் காத்திருக்கும் கோரிக்கை, பெற்றோர் கேட்டால் சற்று வேகமாக நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நோட்டுத் திருத்தத்தைப் பற்றி மேலே நான் எழுதியதைக் கண்டு வருந்த வேண்டாம். பத்து நோட்டைப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துத் திருத்தினால் போதும், நாற்பது நோட்டுக்குச் சரிக்குறி போட வேண்டியதில்லை. ஆய்வு அலுவலர் கேட்டால் இதையே சொல்லுங்கள்.

கேள்வி: குறையை எழுதிக் கொடுத்தால் என் மகனைத் தனியாகக் குறிவைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, பண்ருட்டி

பதில்: இந்தப் பயம் இல்லாத பெற்றோர் இல்லை. தனியாக எழுதாதீர்கள்; அதே வகுப்பின் நான்கைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். முதல் கடிதம் வகுப்பாசிரியருக்கோ தலைமை ஆசிரியருக்கோ இருக்கட்டும், அதன் நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அசைந்து கொடுக்காவிட்டால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்து மூலம் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். பிள்ளையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் 17ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. அப்படி ஏதும் நடந்தால் கடிதப் போக்குவரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டையும் மகனுக்கும் சொல்லிக் கொடுத்துவையுங்கள்.